வித்தையும் கதையும்



நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திற்கு அண்மையில் உள்ளது எங்கள் வடக்குத்து. எங்கள் கடலூர் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நிகழும்பொழுது, மக்கள் விடிய விடியக் கண்விழித்திருப்பர். சூதாட்டத்தில் தருமன் தோற்பான் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். தெரிந்த கதைக்காக உறக்கத்தைத் துறப்பானேன்? கட்டியங்காரனின் வேடிக்கைப் பேச்சுக்காகவா? அது சிரிக்க வைக்கும், விடிந்ததும் மறந்துபோகும். ‘தருமன் இப்பொழுதேனும் எழுந்துவிட மாட்டானா?’ என்னும் தவிப்பன்றோ நம்மை அமர்த்தி வைக்கிறது!

பார்ப்பவன் தவிக்கலாம், தடுக்க இயலாது. தருமனின் இடத்தில் நம்மையே அமர்த்தி, ‘நீ என்ன செய்வாய்?’ என்று கேட்பதுதான், இன்று நீங்கள் கணினியில் விளையாடும் பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களின் தனிச்சிறப்பு. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, தாளும் பகடையும் கொண்டு பலர் கூடிக் கதை வளர்க்கும் ஆட்டம். அதன் வழிவந்தவையே இவை.

ஆனால், இவற்றுள் பல வெறும் வித்தைகளாய் நின்றுவிடுகின்றன. கண்ணைப் பறிக்கும் ஒளி, நாள்தோறும் ஒரு புதிய உடை, பணம் கட்டிய பின்னரே உள்ளே இருப்பது தெரியும் பரிசுப்பெட்டி! சில ஆட்டங்களில் உள்ள அத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்திற்கு உட்பட்டவை என்று 2018-இல் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் முடிவு கூறியது. தருமனை வீழ்த்திய பகடை, வண்ணம் பூசிக்கொண்டு மீண்டும் வந்துள்ளது எனலாம். வேறு சில ஆட்டங்களோ, ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் ஒரே வழியில் நம்மை இழுத்துச் செல்லும். விளைவில்லாத தேர்வு தேர்வாகுமா?

இதற்கு மாறான ஒன்றை என் பேரன் எனக்குக் காட்டினான். ரிச்சர்ட் கேரியட் என்பார் 1985-இல் படைத்த ‘அல்டிமா 4’ அது. படங்கள் மிக எளியவை. இறுதியில் கொல்லப்பட வேண்டிய கொடியவன் எவனும் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி முதலிய எட்டு அறங்களில் தேறுவதே வெற்றி. அதில் பார்வையற்ற பெண் ஒருத்தி மூலிகை விற்கிறாள். அவள் விலை சொல்வாள். வாங்குபவனே காசை எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தாலும் சரக்குக் கிடைக்கும், கண்டிப்பார் இல்லை. ஆனால், ஆட்டம் அதனை மறைவாகக் குறித்துக்கொள்ளும்.

பேரன் சிரித்துக்கொண்டே காசைக் குறைத்து வைத்தான். மறுநாள் காலையில், “தாத்தா, அவள் வெறும் பொம்மைதான். ஆனாலும் மனம் உறுத்துகிறது. முதலிலிருந்து ஆடப்போகிறேன்” என்றான்.

அச்சொல் என்னையும் உறுத்திற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாய்மையைப் பற்றிக் கட்டுரை எழுதச் செய்தவன் நான். அழகாக எழுதியவர்க்கு நிறைய மதிப்பெண் வழங்கினேன். தவறவும் இடம் தந்து, ‘நீயே தேர்ந்துகொள்’ என்று ஒரு மாணவனையேனும் விட்டுப் பார்த்தேனா? இல்லை. விடையை முன்னரே கரும்பலகையில் எழுதிவிட்டேன். நான் செய்யத் தவறியதை எளியதோர் ஆட்டம் செய்துவிட்டது.

கதையின் ஆற்றலுக்கு நம் தமிழரிடமிருந்தே ஒரு சான்று உண்டு. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ 2023-இல் ‘வெண்பா’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதில் போர் இல்லை, சமையல் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய தாயாக நாம் ஆகிறோம். அவள் அன்னையின் சமையற் குறிப்பேடு சிதைந்திருக்கிறது; அழிந்த வரிகளை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். மகன் தமிழை விட்டு விலகுகிறான். பின்னொரு பகுதியில் நாமே அம்மகனாகி, அதே ஏட்டைத் தடுமாறிப் படிக்கிறோம். கதையின் முடிவை மாற்றும் தேர்வுகள் இதில் மிகுதியாக இல்லை. எனினும், இருவர் நெஞ்சையும் உள்ளிருந்து அறிகிறோம். சில மணி நேரத்தில் முடியும் இச்சிற்றாட்டம், 2024-இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பினுடைய முதற்படைப்புக்கான விருதைப் பெற்றது.

மாணவச் செல்வங்களே! விளையாடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தை முடித்தபின் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் தேர்ந்தெடுத்ததற்கு விளைவு இருந்ததா? பிறர் துன்பம் எனக்குப் புரிந்ததா? நாளையும் இது என் நினைவில் நிற்குமா? மூன்றிற்கும் ‘இல்லை’ என்பது விடையானால், அது வெறும் வித்தை.

எங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரி பார்வைக்குப் பொலிவற்றது. ஆயினும் உங்கள் வீட்டு விளக்கை எரிப்பதில் அதற்கும் பங்குண்டு. பளபளப்பைக் கொண்டு எதனையும் மதிப்பிடாதீர்கள். யாரும் பாராத நேரத்தில், எண்ணி வைக்க வேண்டிய காசு உங்கள் கையிலும் ஒருநாள் இருக்கும். அன்று முதலிலிருந்து ஆட முடியாது.