கணினி விருப்பம், ஆங்கிலம் கட்டாயம்



தை பிறந்தால் ஒன்ராறியோவில் நமக்குத் தமிழ் மரபுத் திங்கள். உயர்பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான பாடத் தெரிவும் கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் நடக்கும். முன்னதற்கு வேட்டியும் சேலையுமாக வந்துவிடுகிறோம். பின்னதைப் பிள்ளையும் பள்ளி ஆலோசகரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். நடன நிகழ்ச்சி காத்திருக்கிறது, தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே உயர்பள்ளிப் பட்டயம் பெற 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்றால் 110 மணி நேரப் படிப்பு. ஆண்டுக்கு ஒன்றாக ஆங்கிலத்துக்கு மட்டும் நான்கு போய்விடும். கணினிக் கற்கை முழுவதும் விருப்பப் பாடம். பத்தாம் வகுப்பில் 2023 முதல் புதிய டிஜிட்டல் தொழில்நுட்பப் பாடம் ஒன்று இருக்கிறது, பதினொன்றில் கணினி விஞ்ஞானம் ஐ.சி.எஸ். 3யூ, பன்னிரண்டில் ஐ.சி.எஸ். 4யூ. 3யூ எடுக்காதவருக்கு 4யூ கிடைக்காது. இதை ஒரு வருடம் பிந்தித் தெரிந்துகொண்டு தவிக்கிற வீடுகள் நம்மிடையே உண்டு.

நம் வீடுகளில் கணக்கு வேறு மாதிரி. கணினிதான் எதிர்காலம், ஆங்கிலம் எப்படியாவது தாண்டவேண்டிய பாடம். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஊரில், இலங்கையில், உயர்தரப் பரீட்சைக்கு மூன்று பாடங்கள்தாம் உயிர். பொது ஆங்கிலம் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது. சேராத பாடத்துக்கு யார் முழித்திருந்து படிப்பார்கள்? அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

இப்போது வாட்டர்லூ பல்கலைக்கழகத்தை எடுங்கள். நம் பிள்ளைகளில் பலரின் கனவு அது. அங்கே கணினி விஞ்ஞானம் படிக்கப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பாடம் கட்டாயமில்லை. உயர்நிலைச் சார்புகள், நுண்கணிதமும் திசையன்களும், கூடவே பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் ஆகியவை கட்டாயம். ஆறு பாடச் சராசரியில் அந்த ஆங்கிலப் புள்ளியும் உட்காரும். கல்லூரித் தரத்து ஈ.என்.ஜி. 4சி எடுத்தால் அது செல்லாது, பல்கலைக்கழகத் தரத்து 4யூ வேண்டும். இதோடு அனுமதித் தகவல் படிவம் என்று ஒன்று. தான் யார், எதைச் செய்தேன், ஏன் இந்தப் படிப்பு என்று பிள்ளை தன் சொந்த வாக்கியங்களில் எழுத வேண்டும். இரண்டு மொழியில் நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை, தன்னைப் பற்றி இரண்டு பந்தி எழுத முடியாமல் திகைப்பது எனக்கு வேதனையான காட்சி.

ஆகவே சிலர் குறுக்கு வழி பார்க்கிறோம். பணம் கட்டி மாலை வகுப்பில் ஆங்கிலப் புள்ளி வாங்கிவிடலாமாம். பகல் பள்ளிக்கு வெளியே எடுத்த பாடத்துக்குக் காரணம் கேட்கும் பீடங்கள் உண்டு என்பதை விட்டுத்தள்ளுங்கள். அந்தப் புள்ளி முதலாம் ஆண்டு அறிக்கையை எழுதித் தராது. ஐ.சி.எஸ். 4யூவிலேயே பிள்ளைகள் குழுவாக மென்பொருள் திட்டம் செய்து, அதை ஆவணப்படுத்தி, தொழில்நுட்ப நெறிமுறை பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: நிரலை எழுதுவதைவிட, ஏன் அப்படி எழுதினேன் என்று மற்றவருக்குப் புரியவைப்பதில்தான் பாதி நாள் போகிறது.

ஆங்கிலத்திலும் விருப்பப் பாடம் இருக்கிறது. ஈ.டபிள்யூ.சி. 4யூ, எழுத்துக் கலை. கதையும் கட்டுரையும் எழுதி, திருத்தி, மீண்டும் எழுதப் பழக்கும் வகுப்பு. “அதை எடுத்து என்ன பிரயோசனம்?” என்று கேட்கும் தகப்பன்மார் அதிகம். கணினிக்குப் போகிற பிள்ளைக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அண்மையில் வந்த பிள்ளைகளின் பெற்றோர் கவலைப்பட வேண்டாம். இரண்டாம் மொழி ஆங்கிலக் கிரெடிட்டில் மூன்று வரை அந்த நான்கில் கணக்கிடலாம். நான்காவது மட்டும் பன்னிரண்டாம் வகுப்புக் கட்டாய ஆங்கிலமாக இருக்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் கிரெடிட் உண்டு. அதற்காக ஆங்கிலத்தைக் குறைக்கவேண்டிய தேவை எதுவும் இல்லை.

நம் தமிழ்ச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். மார்கழி விடுமுறையில் ஒரு மாலை, பல்கலைக்கழகத்தில் இருக்கும் நம் அண்ணன்மார் அக்காமாரை அழைத்து, பெற்றோர் தமிழிலேயே கேள்வி கேட்க இடம் கொடுங்கள். பெற்றோரே, உங்கள் பள்ளியில் ஐ.சி.எஸ். 3யூ நடக்கிறதா என்று தையிலேயே கேட்டுவிடுங்கள். போதிய பிள்ளைகள் சேராவிட்டால் வகுப்பு நடக்காமல் போகலாம். அப்படியானால் இணையவழியில் எடுக்க முடியுமா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். பெற்றோர் விலக்குக் கேட்காவிட்டால் பட்டயத்துக்கு எப்படியும் இரண்டு இணையவழிக் கிரெடிட் கேட்கிறார்கள்.