தண்ணி ஊத்தினது யாரு? பால் டிகிரியும் மடிநோயும்

(பால் உற்பத்தியாளர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியது)



விலை பற்றி நிறையப் பேசியாச்சு. 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை அரசு லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக்கியது. 2023 டிசம்பரில் மேலும் 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. ஆனா அறிவிச்ச விலை முழுசா நம்ம கைக்கு வந்துச்சா? அந்த விலை 4.3 கொழுப்பும் 8.2 இதரச் சத்தும் இருக்கிற பாலுக்கு. இதரச் சத்துன்னா கொழுப்பு நீங்கலா பாலில் இருக்கிற புரதம், சர்க்கரை, உப்பு. அதைத்தான் எஸ்.என்.எஃப்.னு சொல்றாங்க. அது குறைஞ்சா காசு குறையும். ரொம்பக் குறைஞ்சா பாலையே திருப்பி விடுறாங்க. கூடவே ஒரு பேச்சு: "தண்ணி கலந்துட்டியா?"

ஊத்துறவங்க இருக்காங்க. அவங்களுக்கு வக்காலத்து வாங்க நாங்க வரல. ஊத்தாதவங்க ஏன் தலை குனியணும்? அதுதான் கேள்வி.

முதல்ல கணக்கைப் பாருங்க. லாக்டோமீட்டர் டிகிரியை நாலால் வகுக்கணும். கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டணும். கடைசியா ஒரு நிலையான எண்ணைக் கூட்டணும். அந்த எண் பல இடங்களில் 0.36, சில இடங்களில் 0.44. இப்ப 4.3 கொழுப்பு, 28 டிகிரி, 0.36 போட்டா 8.22 வரும். முழு விலை. அதே பால் 27 டிகிரி காட்டினா 7.97. ஒரே ஒரு டிகிரியில் கால் சதம் போச்சு!

அந்த ஒரு டிகிரி எப்படிப் போகுது? லாக்டோமீட்டர் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு அளவு போட்ட கருவி. எந்த வெப்பநிலைன்னு கருவியிலேயே எழுதியிருக்கும். கறந்த பால் மாட்டு உடம்புச் சூட்டோட வருது. சூடான பாலில் கருவி கூடுதலா முங்கும், டிகிரி குறைவாக் காட்டும். அதனால தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்து, சூட்டுக்கு ஏத்தபடி கூட்டிக்கணும். தெர்மாமீட்டரை எத்தனை இடத்தில் பார்த்திருக்கீங்க? நுரையும் காத்தும் அடங்காத பாலும் குறைவாத்தான் காட்டும். கறந்து சில மணி நேரம் போன பிறகுதான் பாலின் அடர்த்தி முழு அளவுக்கு வரும். இது நூறு வருஷத்துக்கு மேலாக பால் ஆராய்ச்சிக்காரங்களுக்குத் தெரிஞ்ச சங்கதி. அனலைசர் மிஷினும் இதுக்கு விதிவிலக்கு இல்லை. காத்துக் குமிழி இருந்தாலும், குழாயைச் சரியாக் கழுவாட்டியும் அளவு தப்பும்.

இந்தப் பரிசோதனையே விவசாயிக்கு நியாயம் கிடைக்கணும்னு வந்ததுதான். 1890ல் அமெரிக்காவில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பாப்காக் என்கிற விஞ்ஞானி கொழுப்பு அளக்கும் முறையை வெளியிட்டார். அதுக்கு முன்னால எடைக்குத்தான் காசு. ஆடை எடுத்தவனுக்கும் தண்ணி ஊத்தினவனுக்கும், நல்ல பால் கொடுத்தவனுக்கும் ஒரே விலை. அவர் அந்த முறைக்குக் காப்புரிமை வாங்கலை, எல்லாருக்கும் சும்மா கொடுத்தார். நல்ல பாலுக்கு நல்ல விலைன்னு வந்த கருவி, இன்னைக்கு நம்ம கண்ணுக்கு மறைவா உள் அறையில் வேலை செய்யுது.

இனி மாட்டுப் பக்கம் வருவோம். அளவு சரியாவே இருந்தும் சத்து குறையலாம். வெறும் வைக்கோலைத் தின்ற மாட்டுக்குக் குறையும், கடும் கோடையில் குறையும். இதைவிடப் பெரிய காரணம், வெளியே தெரியாத மடிநோய். மடி வீங்காது, பால் திரியாது, மாடு நல்லாத் தின்னும். உள்ளே கிருமி புகுந்து பால் சுரக்கிற திசுவைக் கெடுத்திருக்கும். பாலில் சர்க்கரை குறையும், தயிர் கட்டுற புரதம் குறையும், உப்பு ஏறும். கறவையும் இறங்கும். மாட்டுக்காரர் தீவனத்தைக் குறை சொல்வார், சொசைட்டிக்காரர் மாட்டுக்காரரைக் குறை சொல்வார்.

தண்ணியா, நோயான்னு பிரிச்சுச் சொல்ல வழி இருக்கு. சுத்தமான பசும்பால் சுழியத்துக்குக் கீழே அரை டிகிரிக்குச் சற்று கூடுதலான குளிரில் உறையும். தண்ணி சேர்ந்தா அந்தப் புள்ளி சுழியத்தை நோக்கி ஏறும். மடிநோயில் சர்க்கரை குறையுற அளவுக்கு உப்பு ஏறி ஈடு கட்டுறதால, உறையும் புள்ளி பெரிசா மாறாது. சில அனலைசர் "தண்ணி இத்தனை சதம்"னு எண் காட்டும். அது பாலை உறைய வைச்சுப் பார்த்த எண் இல்லை, மற்ற அளவுகளை வச்சுக் கணக்குப் போட்டது. அதை நம்பி ஒருத்தரைத் திருடன்னு சொல்ல முடியாது.

மடிநோயை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். 1957ல் அமெரிக்காவில் வந்த கலிபோர்னியா பரிசோதனை இருக்கு. அதே வேலையைத் துணி துவைக்கிற சோப்புத் தூளை வச்சுச் செய்யலாம்னு பாகிஸ்தானில் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க காட்டினாங்க. அரை லிட்டர் தண்ணியில் 15 கிராம் தூளைக் கரைங்க. முதல் நாலு பீச்சு பாலைத் தனியா விட்டுட்டு, ஒவ்வொரு காம்பிலிருந்தும் வேற வேற கிண்ணத்தில் கொஞ்சம் பால் எடுங்க. அதே அளவு கரைசலை ஊத்திச் சுழற்றுங்க. சளி மாதிரி கெட்டியானா அந்தக் காம்பில் நோய். அந்தப் பாலைக் கீழே கொட்டிடணும், கிண்ணத்தை வேற எதுக்கும் வச்சுக்கக் கூடாது.

தெரிஞ்சா உடனே கால்நடை மருத்துவரைப் பாருங்க. நம்ம கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையம் ஆராய்ஞ்சு சொன்ன கை மருந்தும் உண்டு: சோத்துக் கத்தாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைச்சு, மடியைக் கழுவிட்டு, தண்ணி விட்டுக் கரைச்சு ஒரு நாளைக்குப் பல தடவை பூசணும். தேசியப் பால்வள வாரியம் நாடு முழுக்க இதைப் பரப்பியிருக்கு. ஊசி போட்டா, மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும் அந்தப் பாலை ஊத்தாதீங்க. கறந்ததும் மாட்டைப் படுக்க விடாம, தீவனம் போட்டு அரை மணி நிக்க வைங்க. காம்புத் துளை மூட நேரம் வேணும்.

நாம் கேட்கிறது இதுதான். நம் கண் முன்னால அளக்கணும். சூடு, டிகிரி, கொழுப்பு, எந்த எண்ணைக் கூட்டினாங்க, எல்லாம் சீட்டில் இருக்கணும். மடிநோய்க் கரைசல் ஒவ்வொரு சொசைட்டியிலும், தனியார் சேகரிப்பு மையத்திலும் சும்மா கிடைக்கணும். தண்ணின்னு பழி சொல்லும் முன்னே உறையும் புள்ளியைப் பார்க்கணும். சத்து குறைஞ்ச மாட்டுக்கு அபராதத்துக்குப் பதிலா மருத்துவரை அனுப்பணும்.

மனுவோடு இணைக்க, கடைசி மூணு மாசத்துப் பால் சீட்டுகளைத் தேடி எடுத்து வைங்க. சீட்டே கொடுக்காத இடம்னா, தேதி போட்டு ஒரு நோட்டில் இன்னைக்கு ராத்திரியிலிருந்து எழுத ஆரம்பிங்க. பிள்ளைங்க எழுதித் தரட்டும். கிளைச் செயலாளர் வீடு வீடா வந்து வாங்கிக்குவார்.