ஓரப் பார்வையில் கண் ஆடினால் நோயா?

பெண்டாட்டி ஓரக்கண்ணால் பார்க்கும்போது கண்மணி வெடுக் வெடுக்கென்று ஆடுகிறது. உடனே "நரம்புக் கோளாறு", "காத்துக் கருப்பு அடிச்சிருக்கு" என்று சில வீடுகளில் பேசிவிடுகிறார்கள். மந்திரிக்கக் காசும் போகிறது, அந்தப் பெண்ணின் மனசும் நோகிறது. உண்மை என்ன?

இன்றைக்கு இரவே சோதித்துப் பாருங்கள். அவர் தலையை அசைக்காமல் இருக்கட்டும். உங்கள் விரலை மெதுவாக ஒரு பக்கமாக நகர்த்தி, கண் போகக்கூடிய கடைசி எல்லை வரை பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மறுபக்கம். சிலருக்குக் கண் இரண்டு மூன்று தரம் சின்னதாக வெட்டி, தானே நின்றுவிடும். அப்புறம் நீங்கள் உட்காருங்கள், உங்களுக்கும் வரலாம். அசதியாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இது நோயல்ல.

காரணம் எளிது. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. மரக்கிளையை வளைத்துப் பிடித்தால் அது நழுவப் பார்க்கும். நாம் வெடுக்கென்று திரும்ப இழுக்கிறோம் அல்லவா? ஓரத்தில் நிறுத்திய கண்ணும் அப்படித்தான் நடுவுக்கு நழுவும். மூளை அதைத் திரும்ப இழுக்கும்.

ஆனால் எப்போது அலட்சியம் கூடாது?

நேராகப் பார்க்கும்போதே கண் ஆடினால். ஒரு பக்கம் மட்டும் நிற்காமல் ஆடினால். கூடவே தலைசுற்றல், எல்லாம் இரண்டாகத் தெரிவது, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மதுவாலும் இப்படி வரும். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கைக்குழந்தையின் கண் எப்போதும் ஆடிக்கொண்டே இருந்தாலும் காட்ட வேண்டும்.

முக்கியமாக ஒன்று. கர்ப்பிணிக்கு வாரக்கணக்கில் வாந்தி நிற்காமல், சாப்பாடு தங்காமல் இருந்து, கண் ஆடி, நடை தள்ளாடி, பேச்சு தடுமாறினால், "மசக்கைதானே" என்று விடாதீர்கள். தயாமின் என்னும் பி1 வைட்டமின் குறைந்து மூளையைத் தாக்கும் ஆபத்து அது. உடனே 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தாமதிக்காமல் தயாமின் ஊசி போட்டால் காப்பாற்றலாம்.

ஆக, ஓரத்தில் சற்றே ஆடி நிற்கும் கண்ணுக்காக வீட்டில் யாரையும் குறை சொல்லாதீர்கள். நேர்ப்பார்வையில் ஆடும் கண்ணை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.