உடை மாற்றும் நாள்
(ஹைக்கூவின் பருவச்சொல்லும் ஜப்பானியப் பேரங்காடியும்)

   

ஜப்பானியக் கவிதை தமிழுக்கு அறிமுகமாகி நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1916 ஆம் ஆண்டு சுதேசமித்திரனில் பாரதியார் எழுதிய கட்டுரை அதற்குக் கால்கோள் இட்டது. 1984 இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்' நூலாக வெளிவந்தது. அதன்பின் ஹைக்கூ தமிழில் வேர்கொண்டது. மூன்று அடி வந்தது, சொற்சுருக்கம் வந்தது, மூன்றாம் அடியில் நிகழும் திருப்பமும் வந்தது. வாசலில் நின்றுவிட்டது ஒன்றே ஒன்று. 'கிகோ' எனப்படும் பருவச்சொல்தான் அது.

ஆண்டின் எந்தப் பருவத்தில் கவிதை நிகழ்கிறது என்பதை உணர்த்தும் ஒரு சொல் மரபான ஹைக்கூவில் இடம்பெற வேண்டும். தமிழ்நாட்டில் பனிப்பொழிவு இல்லை. செர்ரி மலர் இல்லை. ஆகவே பருவச்சொல்லும் இங்குத் தேவையில்லை என்று கூறுவோர் உண்டு. பருவச்சொல்லை வானிலைச் செய்தியாகக் கருதுவதால் பிறக்கும் முடிவு இது. ஒரு பருவச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அது அரண்மனையிலிருந்து துணிக்கடைக்கும், துணிக்கடையிலிருந்து பேரங்காடிக்கும் வந்த வழியைப் பின்தொடர்ந்தால் இம்முடிவு எவ்வளவு தூரம் நிற்கும் என்பது விளங்கும். அச்சொல் 'கொரோமோகாயே'. 'கொரோமோ' என்பது ஆடை. 'காயே' என்பது மாற்றுதல். உடை மாற்றுதல் என்பதே அதன் நேர்ப்பொருள்.

நாள் குறித்த ஆடை

ஜப்பானிய வரலாற்றில் 794 முதல் 1185 வரையுள்ள காலம் ஹேயான் காலம் எனப்படும். சீனத்திலிருந்து வந்த வழக்கத்தைப் பின்பற்றி, அக்கால அரசவையினர் பழைய நாட்காட்டியின் நான்காம் மாதம் முதல் நாளில் கோடை உடைக்கும், பத்தாம் மாதம் முதல் நாளில் குளிர்கால உடைக்கும் மாறினர். ஆடையோடு அறையின் திரைச்சீலைகளும் மாறின. கைவிசிறியும் மாறியது. குளிர்காலத்தில் மெல்லிய மரத்தகடுகளைக் கோத்துச் செய்த விசிறி. கோடையில் காகித விசிறி.

ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திய ஆடைகளின் நிறச் சேர்க்கைகளுக்கு மலர்களின் பெயர்கள் வழங்கின. பிளம், செர்ரி, செவ்வந்தி என ஒவ்வொரு சேர்க்கைக்கும் உரிய காலம் உண்டு. காலம் தவறி அணிவது இரசனைக் குறைவாகக் கருதப்பட்டது. முன்பருவ மலரான பிளம்மின் செந்நிறத்தை மூன்றாம், நான்காம் மாதங்களில் அணிவதை, மனத்தைச் சோரச் செய்யும் காட்சிகளுள் ஒன்றாகச் சேய் ஷோனாகோன் என்னும் அரசவைப் பெண்மணி தம் குறிப்பேட்டில் பட்டியலிட்டுள்ளார்.

எடோ காலத்தில் ஷோகுன் அரசு, சாமுராய்களுக்கு ஆண்டில் நான்கு முறை உடை மாற்றும் நாள் குறித்தது. குளிருக்குப் பஞ்சு வைத்த ஆடை. இடைப்பருவங்களுக்கு உள்துணி தைத்த ஆடை. கோடைக்கு உள்துணி இல்லாத மெல்லாடை. எளிய மக்களிடம் இத்தனை ஆடைகள் ஏது? அவர்கள் தையலைப் பிரித்துப் பஞ்சை எடுத்தனர். வெப்பம் மிகுந்தபோது உள்துணியையும் எடுத்தனர். ஆடை ஒன்றே, பருவந்தோறும் அதன் கனம் மட்டும் குறைந்தது, கூடியது. ஜப்பானில் 'வாத்தாநுகி' என்றொரு குடும்பப் பெயர் உண்டு. பஞ்சை எடுத்தல் என்பது அதன் பொருள். அதை எழுதும் முறையோ வியப்பானது. 'நான்காம் மாதம் முதல் நாள்' என்பதற்குரிய எழுத்துகளை எழுதி, வாத்தாநுகி என்று படிப்பர். ஒரு தேதியே ஒரு வீட்டுவேலையின் பெயராக ஒலிக்கிறது.

ஹைக்கூ மரபில் கொரோமோகாயே கோடையின் தொடக்கத்துக்குரிய சொல். பாஷோ, பூசோன், இஸ்ஸா ஆகிய மூவரும் இச்சொல்லை ஆண்டுள்ளனர். குறித்த நாளில் ஆடை மாறுகிறது; குளிர் அந்நாளைப் பார்த்துப் போவதில்லை. மெல்லாடை அணிந்து வெளியே வந்தவன் தோள்மீது காலைக்காற்று படுகிறது. நாட்காட்டி ஒன்று சொல்ல, தோல் வேறொன்று சொல்கிறது. இந்தச் சிறிய இடைவெளியே அச்சொல்லின் உயிர். வானிலையைக் கூறுவது மட்டுமே அதன் வேலையாக இருந்திருந்தால், 'வெயில்' என்ற சொல் போதுமானதாக இருந்திருக்கும்.

துணிக்கடை பேரங்காடியாதல்

இப்பருவ ஆடைகளை விற்றவர்கள் யார்? 1673 இல் மிட்சுய் தகாதோஷி என்னும் வணிகர், இன்றைய டோக்கியோவாகிய எடோ நகரில் 'எச்சிகோயா' என்ற துணிக்கடையைத் தொடங்கினார். அதுவரை பெரிய துணி வணிகர்கள் செல்வர் இல்லங்களுக்குத் துணி கொண்டு சென்று கடனுக்கு விற்றனர். விலை ஆளுக்கேற்ப மாறும். ஒரு முழு ஆடைக்குரிய துணிச்சுருளாகவே வாங்கவேண்டும். எச்சிகோயா இம்மூன்றையும் மாற்றியது. வாங்குவோர் கடைக்கு வரவேண்டும், ரொக்கம் தரவேண்டும், விலை எல்லார்க்கும் ஒன்றே. வேண்டிய அளவு துணியை வெட்டியும் தந்தனர். பட்டின் ஒரு துண்டு, எளியவர் கைக்கும் எட்டியது இவ்வாறுதான்.

அக்கடையில் பாய்மீது அமர்ந்திருக்கும் வாடிக்கையாளர் முன் பணியாளர் உள்ளிருந்து துணிகளை எடுத்துவந்து விரித்துக் காட்டுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்ணாடிப் பேழைகள் வந்தன. துணி தானே காட்சி தரத் தொடங்கியது. 1904 டிசம்பரில் அந்நிறுவனம் 'மிட்சுகோஷி' என்ற பெயரில் புதிதாக அமைக்கப்பட்டது. அடுத்த மாதமே, அமெரிக்காவில் உள்ளவை போன்ற பேரங்காடியாகத் தான் வளரப்போவதாக நாளிதழ்களில் முழுப்பக்க அறிவிப்பு வெளியிட்டது. 1914 இல் நிஹோன்பாஷியில் எழுந்த அதன் புதிய கட்டடத்தில் நகரும் படிக்கட்டு இருந்தது. வாசலில் வெண்கலச் சிங்கங்கள் இரண்டு அமர்ந்தன.

இலக்கிய வட்டத்தார்க்கு மிகவும் தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. 1905 இல் மிட்சுகோஷி, 'புதுப்பாங்கு ஆய்வுக் கழகம்' என்று தமிழில் கூறத்தக்க ஓர் அமைப்பைத் தோற்றுவித்தது. எழுத்தாளர் இவாயா சசனாமி அதில் முன்னின்றார். புகழ்பெற்ற நாவலாசிரியர் மோரி ஓகாயும் அதில் பங்குகொண்டார். அதே காலத்தில், 1688 முதல் 1704 வரை நிலவிய கென்ரோக்குக் காலத்தின் பெரிய, பகட்டான பூவேலைப்பாடுகளை அக்கடை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அரசவை குறித்த நாளில் உடை மாறியது ஒரு காலம். கடை குறித்த பாங்கில் உடை மாறத் தொடங்கியது அடுத்த காலம்.

முந்தி வரும் பருவம்

1873 இல் ஜப்பான் சூரிய நாட்காட்டிக்கு மாறியது. உடை மாற்றும் நாள்கள் ஜூன் முதல் நாளாகவும் அக்டோபர் முதல் நாளாகவும் நிலைபெற்றன. பள்ளிச் சீருடையும் அலுவலகச் சீருடையும் அந்நாள்களில் மாறுவது வழக்கமாயிற்று. கிமோனோ அணிவோர்க்குரிய விதி இன்னும் நுட்பமானது. அக்டோபர் முதல் மே வரை உள்துணி தைத்தது. ஜூனிலும் செப்டம்பரிலும் ஒற்றைத்துணி. ஜூலை, ஆகஸ்டில் காற்றுப் புகும் மென்துகில். ஆடையிலுள்ள பூவோ, மரத்திலுள்ள பூவுக்குச் சற்று முந்தவேண்டும். செர்ரி மலர்வதற்கு முன் செர்ரிப்பூ ஆடை அணியலாம். மலர்ந்த பின் அதனோடு போட்டியிடுதல் ஆகாது. பூவுக்கு மனிதர் காட்டும் மரியாதை இது.

பேரங்காடியும் பருவத்தை முந்துகிறது. குளிர் நீங்குமுன் மெல்லாடை காட்சிக்கு வருகிறது. வெயில் தணியுமுன் கம்பளி மேலாடை வருகிறது. குடை, கைக்குட்டை, தொப்பி, கழுத்துத்துணி, கையுறை ஆகியனவும் அவ்வாறே தளத்தில் இடம் மாறுகின்றன. புறத்தே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆயினும் ஆடையிலுள்ள பூ, உண்மையான பூவை எதிர்பார்த்து நிற்கிறது. கண்ணாடிப் பேழையிலுள்ள ஆடை, விற்றுத் தீரவேண்டிய நாளை எதிர்பார்த்து நிற்கிறது. விற்காதது தள்ளுபடிக்குப் போகும். கடையின் கணக்கில் பருவம் முடிவது அன்றுதான்.

இதனால் கடையைப் பழித்துவிட்டுக் கவிதையை உயர்த்துவது எளிது. அது நேர்மையாகாது. ஹைக்கூக் கவிஞர் கையாளும் பருவச்சொல் தொகுப்பும் பருவத்தை முந்துகிறது. பழைய கணிப்பின்படி ஆகஸ்டு 8 ஐ ஒட்டி இலையுதிர்காலம் பிறந்துவிடுகிறது. வெயில் கொளுத்தும் நாள் அது. அவ்வெயிலைக் கவிஞர்கள் 'எஞ்சிய வெம்மை' என்று பெயரிட்டு இலையுதிர்காலச் சொல்லாக்கினர். நாட்காட்டிக்கும் உடலுக்கும் பிணக்கு வந்தபோது, அப்பிணக்குக்கே ஒரு சொல் படைத்தனர். கடையில் அப்பிணக்கு, விற்காத சரக்காகத் தேங்குகிறது. கவிதையில் அது சொல்லாகிறது.

இப்பிணக்கு இன்று பெரிதாகியுள்ளது. 2005 இல் ஜப்பானிய அரசு 'கூல் பிஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கோடையில் அலுவலகக் குளிரூட்டியை 28 பாகைக்குக் கீழே குறைக்காமல், கழுத்துப்பட்டையும் மேற்சட்டையும் இன்றிப் பணிக்கு வரலாம் என்றது. 2011 நிலநடுக்கத்துக்குப் பின் மின்பற்றாக்குறை நேர்ந்தபோது இத்தளர்வு மேலும் விரிந்தது. 2023 ஆம் ஆண்டுக் கோடை, 1898 இல் கணக்கெடுப்புத் தொடங்கியது முதல் அதுவரை பதிவான கோடைகளுள் மிக வெப்பமானதாக அமைந்தது. பள்ளிகள் பலவும் உடை மாற்றும் நாளை ஒரே நாளாக வைக்காமல் தளர்த்திவருகின்றன. ஆயிரம் ஆண்டு நடந்துவந்த ஒரு நாள், கரையத் தொடங்கியிருக்கிறது. அந்நாள் கரைந்தபின் கொரோமோகாயே என்ற சொல் எதைச் சுட்டும்? இவ்வினா ஜப்பானியக் கவிஞர்களுக்கு உரியது என்று தமிழர் ஒதுங்க இயலாது.

தமிழில் உடை மாறும் நாள்

தொல்காப்பியம் வகுத்த முதற்பொருளில் நிலமும் பொழுதும் அடங்கும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளைக் கண்ட மொழிக்குப் பருவச்சொல் புதிதன்று. நக்கீரரின் நெடுநல்வாடையில், வாடைக்காலம் வந்ததும் வீட்டுப்பொருள்கள் இடம் மாறுகின்றன. அழகுறச் செய்த வட்ட விசிறி சுருக்கப்பட்டு முளையில் தொங்குகிறது. அதைச் சுற்றிச் சிலந்தி நூல் கட்டுகிறது. சந்தனம் அரைக்கும் கல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. மகளிர் கூந்தலில் மாலை சூடாமல் சில மலர்களையே பெய்துகொள்கின்றனர். குளிர் வந்தது என்பதை வானத்தைப் பார்த்தும் கூறலாம். நக்கீரரோ பயன்படாத விசிறியையும் காட்டினார். இதுவும் ஓர் உடைமாற்றமே.

இன்றைய தமிழகத்திலும் அத்தகைய நாள்கள் உள்ளன. கார்த்திகை முதல் நாள் அதிகாலையில் மாலை அணியும் ஐயப்ப பக்தர் கறுப்பு வேட்டிக்கு மாறுகிறார். மலையிறங்கி வந்தபின் அதைக் களைகிறார். நாற்பத்தொரு நாள் நோன்பு கழிந்த அவ்வேட்டியின் நிறம், முதல் நாள் நிறமாக இருப்பதில்லை. பனி இறங்கும் நாள்களில் கம்பளி ஆடைகளோடு திபெத்தியர் நகர நடைபாதைகளுக்கு வருகின்றனர். மார்கழிக் காலையில் தேநீர்க் கடைமுன் மஃப்ளர் சுற்றிய முதியவர் நிற்கிறார். அக்கினி நட்சத்திரத்தில் மின்சாரம் நின்றதும், பரணிலிருந்த பனையோலை விசிறி கைக்கு வருகிறது. இவை யாவும் பருவச்சொற்களே. எடுத்து ஆள்வோர்க்காகக் காத்திருக்கின்றன.

தமிழ்நாட்டுக் கடைகளும் ஒரு பருவத்தைப் படைத்திருக்கின்றன. திருமணம் முதலிய மங்கல நிகழ்வுகள் தவிர்க்கப்படும் மாதம் ஆடி. துணி விற்பனை குறையும் அம்மாதத்தை, தள்ளுபடியால் கூட்டம் நெரியும் மாதமாக்கினர் வணிகர். 'ஆடித் தள்ளுபடி' இன்று குழந்தைக்கும் தெரிந்த பருவச்சொல். அதைக் கவிதைக்கு ஆகாத சொல் என்று ஒதுக்குவது சரியா? தீபாவளிக்கு வேண்டிய சேலையை ஆடியிலேயே வாங்கி, பெட்டியின் அடியில் மடித்துவைக்கும் ஒரு தாயின் கையில் மூன்று மாதக் காத்திருப்பு இருக்கிறது. கடை அச்சேலையை விற்று முடித்துவிட்டது. அக்காத்திருப்பை எழுத வேண்டியவர் கவிஞர்.

மூன்றடியைக் கடன் பெற்ற தமிழ்க் கவிஞர், பருவச்சொல்லைக் கடன் பெற வேண்டியதில்லை. தம் வீட்டுக் கொடியிலும் பரணிலும் பெட்டியிலும் அது இருக்கிறது. பருவங்கள் பிறழ்ந்துவரும் இக்காலத்தில், எந்த மாதத்தில் எதை உடுத்தினோம், எதை மடித்துவைத்தோம் என்பதைச் சொல்லும் கவிதை ஒரு சான்றாவணமும் ஆகும். கரையும் நாளுக்குச் சொல்லே காப்பு. அச்சொற்களைத் திரட்டும் பணியை இவ்வட்டம் தன் பதினோராம் ஆண்டில் மேற்கொள்ளுமானால், அது தமிழ் ஹைக்கூவுக்குச் செய்யும் பெருந்தொண்டாக அமையும்.