கடனில்லாக் கல்வி

 

 

கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. சங்கராபுரம், சின்னசேலம், மலைமேல் வெள்ளிமலை என எல்லாப் பக்கங்களிலிருந்தும் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்கின்றனர். பாடம் கற்பிக்க அங்கே ஆசிரியர்கள் உள்ளனர். பணத்தைக் கையாளக் கற்பிப்பவர் யார்?

கடன் என்னும் விலங்கு

கல்வராயன் மலை மக்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் வாழ்ந்தனர். அதே ஆண்டில்தான் நாடு முழுமைக்கும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. தந்தை வாங்கிய முன்பணத்திற்காக மகன் உழைத்த கொடுமைக்கு அது தடை விதித்தது. இன்றோ, கைபேசிக்காகவும் வாகனத்திற்காகவும் நம் பிள்ளைகள் தாமே விரும்பிக் கடனில் விழுகின்றனர்.

பத்தாயிரம் ரூபாயை ‘அஞ்சு வட்டி’க்கு வாங்கினால் மாதம் 500 ரூபாய் வட்டி. இருபது மாதங்களில் வட்டி மட்டுமே பத்தாயிரம் ஆகிவிடும்; அசலோ அப்படியே நிற்கும்! மார்க்கம் வட்டியை ஏன் ஹராமாக்கியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

எழுதி வையுங்கள்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனமான அது, கடனை எழுதி வைப்பது பற்றியது! எனவே மாணவர்களே, வரவு செலவை அன்றாடம் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவியருக்கு 2022-இல் ‘புதுமைப் பெண்’ திட்டமும், மாணவர்களுக்கு 2024-இல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவியுடன் தொடங்கப்பட்டன. மூன்றாண்டுகளுக்கு அது 36,000 ரூபாய். பாதியைச் சேமித்தாலும் 18,000. தட்டச்சு, கணக்கியல், ஆங்கிலப் பேச்சு ஆகியவற்றைக் கடனின்றிக் கற்க அது பெரிதும் உதவும்.

சந்தை எங்கே?

மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்தவர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி). தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார் ஸஅத் பின் ரபீஉ (ரலி). அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார் அப்துர் ரஹ்மான். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தலைநிமிர்ந்தார். கையில் முதல் இல்லை, தொழில் தெரிந்திருந்தது!

நம் மலையில் கடுக்காயும் தேனும் புளியும் கிடைக்கின்றன. சமவெளியில் நெல்லும் மரவள்ளியும் கரும்பும் விளைகின்றன. இவற்றைத் தரம் பிரிக்கவும், கணக்கு எழுதவும், வெளியூர்ச் சந்தையில் விலை பேசவும் தெரிந்த பட்டதாரிக்கு ஊரிலேயே வேலை உண்டு. பட்டத்துடன் ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்தின் கடமை

வட்டிக்கு வாங்காதே என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கட்டண நாளில் நாம் கைவிரிப்பது நியாயமா? ஒவ்வொரு மஹல்லாவும் பைத்துல்மாலில் மாணவர்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, வட்டியில்லா அழகிய கடனாக வழங்கட்டும். பெற்றவர் வேலைக்குச் சென்றதும் திருப்பிச் செலுத்தட்டும். அப்பணத்தில் அடுத்த பிள்ளை படிக்கும்.

கடனின் சுமையிலிருந்து நம் சந்ததியைக் காத்து, ஹலாலான வாழ்வாதாரத்தை அல்லாஹ் நல்குவானாக! ஆமீன்.