ரோகிணிக்குப் பக்கத்துல ஒரு வால்வெள்ளி

2023 பிப்ரவரி 5, தைப்பூசம். இசட்டிஎஃப் வால்வெள்ளி கேப்பெல்லா நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கேமராவோட போனேன், பௌர்ணமி வெளிச்சத்தில் எதுவுமே பதியவில்லை. அது கடைசியா வந்தது சுமார் 50,000 வருஷத்துக்கு முன்னாடி. விட்டுட முடியுமா?

பிப்ரவரி 14 சாயங்காலம், அது ரிஷப ராசியில் இருக்கிற ரோகிணிகிட்ட வந்திருந்தது. நிலா நள்ளிரவுக்கு அப்புறம்தான். வால்வெள்ளி மங்கலான பஞ்சு மாதிரி. அதை வைத்து ஃபோகஸ் பண்ண முடியாது. ஆட்டோஃபோகஸை அணைச்சிட்டு, திரையில் ரோகிணியைப் பெரிதாக்கி, அது சின்னப் புள்ளியாகும்வரை லென்ஸைத் திருப்பினேன். டிரைபாட், 50 மிமீ லென்ஸ், 8 விநாடி. ஓரமா பச்சையா ஒரு திட்டு!

அடுத்த வால்வெள்ளிக்குக் கிளம்பும்போது ரெண்டு விஷயம் பாருங்க: நிலா எப்போ உதிக்கும், பக்கத்துல எந்தப் பிரகாசமான நட்சத்திரம் இருக்கு.