கண்ணெதிரே நீர்க்கும் கஞ்சி

மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் (ரைல்ஸ் டியூப்) வைத்தவர்களின் வீட்டார் என்னிடம் அடிக்கடி சொல்வது, "வீட்டுக் கஞ்சி ஒத்துக்கலீங்க, பவுடரே வாங்கிடறோம்." ஒத்துக்கொள்ளாதது கஞ்சியா, கொடுக்கிற விதமா என்று பார்த்த பிறகுதான் நான் பதில் சொல்வேன்.

வாலாஜாவில் ஒரு பெரியவர். தோல் ஷெட்டில் உழைத்தவர். பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி போய்விட்டது. மருமகள் காய்ச்சும் கேழ்வரகுக் கஞ்சி ஆறினால் கெட்டியாகிக் குழாயை அடைத்தது. பாவம், தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கரைத்தார். கஞ்சி இறங்கியது, சத்து இறங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார்.

"முளைகட்டத் தெரியுமாம்மா?" என்றேன். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளை விட்டதும் வெயிலில் காயவைத்து அரைக்கும் மாவுதான் வழி. முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி பெருகும். கஞ்சியைக் கெட்டியாக்கும் மாவுச்சத்தை அது வெட்டிவிடும். அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கி, சூடு மிச்சமிருக்கும்போது அந்த முளைமாவில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் கண்ணெதிரே நீர்க்கும். கொதிக்கக் கொதிக்கப் போட்டாலோ, மாவைச் சிவக்க வறுத்திருந்தாலோ நொதி செத்துவிடும். நீர்த்தபின் மறுபடி ஒரு கொதி விடுங்கள். பச்சை மாவில் கிருமி இருக்கும். அதே டம்ளரில் கூடுதல் மாவு, வெந்த பாசிப்பருப்பு, எண்ணெய் எல்லாம் அடங்கும். அந்த அம்மா செய்து பார்த்தார். இரண்டு மாதத்தில் பெரியவரின் கன்னத்தில் சதை பிடித்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்!

நேரம் குறைவு, மற்றதைச் சட்டென்று சொல்கிறேன். கஞ்சியை வடிகட்டுங்கள். தலைப்பக்கத்தை முப்பது டிகிரிக்காவது உயர்த்துங்கள். கொடுத்தபின் அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும். சிரிஞ்சால் அழுத்தித் தள்ள வேண்டாம்; தானாக இறங்கட்டும். முன்னும் பின்னும் கொதித்தாறிய தண்ணீர் விடுங்கள். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த கஞ்சியைக் கொட்டிவிடுங்கள். பல வீடுகளில் பேதிக்குக் காரணம் அதுதான். பால் சேர்த்து வயிறு உப்பினால் நிறுத்திப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும், குழாய் சிறுகுடல்வரை போனவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் இந்த முளைமாவுக் கஞ்சியைக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் குழாயோடு ஒருவர் இருந்தால், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீங்கள் காய்ச்சும் கஞ்சியை ஒரு டம்ளர் எடுத்துப் போய் உணவியலாளரிடம் காட்டுங்கள்.